கவிழ்த்த தோணி மூடிய கல்

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சண்டைதான். படகால் இறங்கிக் கரையில் நின்றபோது அந்தக் கல்லறை எங்களுக்கு இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கம் இருந்ததா? இவர் இடம் என்பார். நான் வலம் என்பேன். இவர் என்றால் என் கணவர். வேலையிலிருந்து ஓய்வு எடுத்தபிறகாவது மனுசன் ஓரிடத்தில் இருப்பார் என்று பார்த்தால், காலில் சுடுதண்ணி ஊற்றியவர் மாதிரி கனடாவில் எங்கள் பிக்கரிங் வீட்டின் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. இடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் போய்க் குந்துவார். திரையில் மத்தியதரைக் கடல். அதன் கரையைப் பெரிதாக்குவார், சின்னதாக்குவார், ஒரு குடாவைக் கண்டதும் என்னைக் கூப்பிடுவார்.

"இஞ்சேரும், இதை ஒருக்கா வந்து பாரும்."

கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மேலேயிருந்து எடுத்த படத்தில் கல்லும் பற்றையும்தான் தெரியும். "உதிலை என்னத்தைப் பாக்கச் சொல்லுறியள்? உது எந்தக் கரையாயும் இருக்கலாம்" என்பேன். "இல்லை, வடிவாப் பாரும்" என்பார். அதற்குள் கறி அடிப்பிடித்துவிடும். இப்படி அந்தக் கோடையில் நாங்கள் தின்ற கருகல் கறிக்குக் கணக்கில்லை.

எங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை அப்படியொரு கரையில் இருக்கிறான். ஒரு கல்லறைக்குள் இருக்கிறான். அது எந்தக் கரை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் இதை எப்படிச் சிரிப்பும் சிணுக்கமுமாகச் சொன்னாலும் விஷயம் இது ஒன்றுதான்.

நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழாம் மாதம். இப்போது நினைத்தால் என்ன துணிவு என்று கேட்கத் தோன்றும். துணிவுமில்லை, மண்ணுமில்லை. போருக்குள் இருக்க முடியவில்லை, வெளிக்கிட்டோம். காசு வாங்கி ஆட்களைக் கடத்துகிற ஏஜென்சிக்காரன் எங்களை இரண்டு மூன்று நாடுகளுக்குள்ளால் இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றினான். எத்தனை நாள் அதில் கிடந்தோம் என்று எனக்கு நினைவில்லை. வாந்தி எடுத்ததுதான் நினைவு. ஒரு விடியற்காலை, படகோட்டி எங்களை இடுப்பளவு தண்ணீரில் இறக்கினான். கரையைக் காட்டி "கிரீஸ், கிரீஸ்" என்றான். வேறு படகு வரும், சத்தம் போடாமல் இருங்கள் என்று கைச்சாடையில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

வெளிச்சம் வந்ததும் பார்த்தோம். குன்றின்மேல் சில தூண்கள். பாதி உடைந்த மதில்கள். கரை நெடுகப் பெரிய பெரிய கற்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தோணியைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் கல்லில் ஒரு மூடி. இரண்டு மூன்று பெட்டிகள் கடலுக்குள்ளேயே நின்றன. பாறையில் வெட்டிய படிகள் சில, கீழே ஏதோ வீடு இருப்பதுபோலக் கடலுக்குள் இறங்கிப் போயின.

எங்களோடு படகில் வந்த கூட்டத்தில் படித்தவர் இவர்தான். பள்ளிக்கூடத்துக் கடைசி ஏ.எல். பரீட்சைக்குக் கிரேக்க உரோம நாகரிகம் ஒரு பாடமாக எடுத்தவர். எங்கள் ஊரில் கிரேக்கத் தூணில் எத்தனை வகை என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கிரீஸ் எங்கே இருக்கிறது என்று கப்பலில் போய்ப் பார்த்தவர்கள்தான் இல்லை. இவர் ஒரு கல்லுக்குக் கிட்டப் போய், அதில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்தார். ஆல்ஃபா என்றார். லாம்டா என்றார். எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்:

"வந்திட்டம். இது கிரீஸ்தான். ஒரு சந்தேகமும் இல்லை."

எல்லோரும் அழுதார்கள். ஐரோப்பாவில் கால் வைத்ததும் பாஸ்போட்டைக் கிழித்துப்போட வேண்டும் என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. திருப்பி அனுப்ப ஆதாரம் இருக்கக்கூடாதாம். எல்லோரும் கிழித்துக் கடலில் போட்டோம். நானும் கிழித்தேன். இவர் வாசித்த இரண்டு எழுத்தை நம்பித்தான் கிழித்தேன்.

அன்று பின்னேரமே எனக்கு வலி தொடங்கிவிட்டது. எங்களோடு வந்த ஒரு அக்கா, நாலைந்து பெற்றவர், அவர்தான் பக்கத்தில் இருந்தார். அடுத்தநாள் பொழுது விடிகிற நேரம் பிறந்தான். ஆண்பிள்ளை. ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு. காதில் பூனைமயிர். அழத் தெம்பில்லை, ஒரு சின்னச் சத்தம் மட்டும். நான் அவனை என் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இருந்தேன், சூடு பிடிக்கட்டும் என்று. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். ஒரு பகல் முழுக்க எனக்கு ஒரு மகன் இருந்தான்.

ஒருவர் எரிக்கலாம் என்று சொன்னார். அந்த அக்கா பாய்ந்துவிட்டார். "பச்சைப் பிள்ளையை நெருப்பிலை வைக்கிறதோ? எங்கை கண்டனீர் அந்த வழக்கத்தை?" சரிதான். எங்களில் குழந்தையை மண்ணில்தான் வைப்பார்கள். ஆனால் மண் எங்கே? பாறை. எங்கே தோண்டினாலும் பாறை. ஆண்கள் கையாலும் தகர மூடியாலும் சுரண்டிப் பார்த்தார்கள். ஒருவர் கடலைப் பார்த்தார். நான் கத்திய கத்தில் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் இவர்தான் அந்தக் கற்பெட்டிகளில் ஒன்றைக் காட்டினார். எந்தக் காலத்திலோ கள்ளர் அதன் பக்கவாட்டில் உடைத்த ஓட்டை ஒன்று இருந்தது. என் சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தேன். எனக்கு எழும்ப முடியவில்லை. மதிலோரம் படுத்தபடி பார்த்தேன். இவர் தோள்வரை அந்த ஓட்டைக்குள் குனிந்து நெடுநேரம் நின்றார். பிறகு கடற்கரைக் கற்களைப் பொறுக்கிவந்து ஓட்டையை அடைத்தார். எனக்கு இவருடைய முதுகுதான் தெரிந்தது.

பிறகு ஒரு படகு வந்தது. இத்தாலிக்குப் போனோம். அங்கேயிருந்து இன்னும் எங்கெங்கோ சுற்றிக் கனடா.

முதலில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், வானத்தில் தொங்குகிற ஒரு அப்பாட்மெண்டில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து இருந்தோம். இவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிறு லீவு. மற்ற ஆண்கள் படுத்து நித்திரை கொள்வார்கள் அல்லது சீட்டுக் கடதாசி விளையாடுவார்கள். இவர் ஞாயிறு காலையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு பெரிய பாலத்தைக் கடந்து டான்போர்த் தெருவுக்கு நடப்பார். அங்கே முழுக்கக் கிரேக்கரின் கடைகள். பேக்கரி, இறைச்சிக்கடை, கோப்பிக்கடை எல்லாம் ஏறி இறங்குவார். கையில் தானே வரைந்த படம். கல்பெட்டி, கவிழ்த்த தோணி மாதிரி மூடி, கடலுக்குள் இறங்குகிற படி. "உங்கடை நாட்டிலை இது எந்த இடம்?" இதுதான் கேள்வி.

ஒருநாள் நானும் கூடப் போனேன். பனிக்காலம். கோப்பிக்கடையில் ஒரு கிழவர், மீசையெல்லாம் வெள்ளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். மற்றக் கிழவர்களிடமும் நீட்டினார். அவர்கள் தங்கள் பாசையில் பெரிய சத்தமாகக் கதைத்தார்கள். கடைசியில் அவர் தலையை ஆட்டிவிட்டு, இது எங்களுடையது இல்லை, எங்கள் ஊர்களில் இப்படி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்கு இரண்டு கோப்பியும் வாங்கித் தந்தார், பாவம்.

தெருவுக்கு வந்ததும் இவர் வெடித்தார். "உந்தாளுக்குத் தன்ரை நாட்டுச் சரித்திரமே தெரியாது!"

கோதாரி விழுந்த ஏ.எல். படிப்பு! கிரேக்கனை விட இவருக்குக் கிரேக்கம் தெரியுமாம். நானும் அன்றைக்கு இவரைத்தான் நம்பினேன். அந்தக் கிழவர் எங்களுக்கு உண்மையைக் கையில் தந்தார், கோப்பியும் தந்தார். நாங்கள் கோப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

பத்து வருசத்துக்குப் பிறகு மகள் பிறந்தாள். ரொறன்ரோவில்தான் பிறந்தாள், ஒரே பிள்ளை. அவளுக்கு நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. "உனக்கு ஒரு அண்ணா இருந்தவர், கிரீசிலை இருக்கிறார்" என்று சொல்லித்தான் வளர்த்தோம். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் என்னிடம், உங்கள் மகனைக் கோடை விடுமுறைக்குக் கூப்பிடுவீர்களா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

ஒருமுறை கிரீசுக்கே போனோம். ரூர் குழு ஒன்றோடு. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். இவர் பஸ் நிற்கிற இடமெல்லாம் இறங்கிக் கரையை நோக்கி ஓடினார். வழிகாட்டிப் பெண் எங்கள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துவிட்டாள். தாய்க்குத் தெரியும், தாயின் வயிறு சொல்லும் என்பார்கள். நான் ஒவ்வொரு கரையிலும் நின்று என் வயிற்றைக் கேட்டுப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் அவனை மறந்துவிட்டேனோ, அதனால்தான் ஒன்றும் தெரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். பிறகு நான் இவரோடு தேடுவதை விட்டுவிட்டேன். இவர் விடவில்லை.

மகள் யூனிவர்சிட்டிக்குப் போன இரண்டாம் வருசம். பழைய நாகரிகங்கள் பற்றி ஒரு வகுப்பு எடுத்தாள், தகப்பனின் புத்தி. ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, அப்பாவும் நிக்கிறாரோ? இருங்கோ ரெண்டு பேரும். ஒரு இடமும் போகாதேங்கோ. நான் ரெயினிலை வாறன்."

பெட்டை யாரையோ கல்யாணம் கட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தையும் கழற்றாமல் குசினிக்குள் வந்து லப்ரொப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். திரையில் ஒரு கல்பெட்டி. கவிழ்த்த தோணி மாதிரி மூடி. இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, திஸ் இஸ் நொட் கிரீஸ். இது துருக்கி. தெற்குக் கரை. அந்தக் காலத்திலை லிசியா எண்டு சொன்னவை. இப்பிடி மூடி வைச்ச பெட்டியள் அந்தக் கரையிலைதான் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "முப்பது வருசம்! முப்பது வருசமாய்ப் பிள்ளையை ஒரு நாட்டிலை விட்டிட்டு இன்னொரு நாட்டிலை தேட வைச்சீங்களே! பெரிய படிப்பாளி! பாஸ்போட்டையும் கிழிக்க வைச்சீங்கள்!" அகப்பை கையில் இருந்தது. ஓங்கியே விட்டேன்.

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். "ஆனால் எழுத்து? எழுத்து கிரேக்க எழுத்துத்தானே பிள்ளை?"

"ஓம் அப்பா. முதல் அவையின்ரை சொந்த எழுத்து. பிறகு கிரேக்கத்திலைதான் எழுதினவை."

இவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தீரோ! நான் வாசிச்சது சரி. ஒரு ரெண்டாயிரம் வருசம் பிந்திப் போனன், அவ்வளவுதான்."

அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், பிறகு அது அழுகையாகி நிற்கமாட்டேன் என்றது. மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் லிசியாதான். சாப்பாட்டில் லிசியா, காரில் லிசியா. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் இவர் அந்தச் சனத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். மலையைக் குடைந்து, மரவீடு மாதிரியே கூரை வளையும் கைமரமும் கல்லில் வெட்டிச் செத்தவர்களைக் குடிவைத்தார்களாம். ஊருக்கு வெளியே ஒதுக்காமல் வீடுகளுக்கு நடுவிலேயே கல்லறைகளை வைத்திருந்தார்களாம். நிலநடுக்கம் வந்து வந்து கரை இறங்கி, வீடுகளும் படிகளும் கடலுக்குள் போய்விட்டனவாம். அப்படியென்றால் அந்தப் படிகளுக்குக் கீழே உண்மையிலேயே வீடு இருந்திருக்கிறது.

அவர்களுடைய பெரிய நகரம் சாந்தோஸ். பாரசீகப் படை வந்து வளைத்தபோது, தோற்கப்போகிறோம் என்று கண்ட ஆண்கள் பெண்களையும் பிள்ளைகளையும் கோட்டைக்குள் அடைத்து நெருப்பு வைத்துவிட்டு, வெளியே வந்து சண்டை பிடித்துச் செத்தார்களாம். அந்த நேரம் ஊரில் இல்லாத சில குடும்பங்கள் மட்டும் மிஞ்சின. அவர்கள் திரும்பி வந்து நகரத்தைக் கட்டினார்கள். இவர் இதைப் பெருமையாகச் சொன்னார், வீரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பெண்டுகளிட்டை ஆரும் கேட்டவையோ? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தாலை ஓட விட்டிருந்தால் ஓடியிருப்பாளவை. நான் ஓடினனான்தானே!" ஊரில் இல்லாததால் மிஞ்சினவர்கள் என்றால் நாங்களும் அதே சாதிதான். ஆனால் எங்களுக்குத் திரும்பிப்போய்க் கட்ட ஒன்றும் வாய்க்கவில்லை.

ஒரேயொரு சங்கதி எனக்குப் பிடித்தது. அந்த ஊர் ஆளிடம் நீ யார் என்று கேட்டால் தாயின் பெயரைச் சொல்வானாம், பிறகு தாயின் தாய், அவளின் தாய். அப்பன் பெயர் கிடையாது. "உதுதான் நாகரிகம்" என்றேன்.

இவரைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. கல்லறைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கொண்டு தேடுவித்தார். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பேச்சுத்தான். இதை இன்னார் தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கட்டினார். வேறு யாரையும் இதற்குள் வைக்கக்கூடாது. வைத்தால் தண்டம், தெய்வத்தின் சாபம். இதைக் கேட்ட நாளிலிருந்து மனுசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஆற்றையோ வீட்டுக்குள்ளை கேக்காமல் வைச்சிட்டன்" என்றார். "அந்தக் கல்லறைக்காரங்கள் அவனை என்ன செய்தாங்களோ."

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ. ஒரு பகல் வயசுப் பிள்ளைக்கு இடம் குடுக்க மனமில்லாதவன் ஒரு மனுசனோ? அப்பிடிச் சாபம் போட்டவன் என்னட்டை வரட்டும், நான் கதைக்கிறன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு இரவுச் சமையலில் இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

போன கோடையில் மகளுக்கு அந்தக் கரையில் நடக்கிற அகழாய்வு ஒன்றில் மாணவியாக இடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, அதற்காகத்தான் எழுதிப் போட்டாள். படத்தில் பார்த்து மூன்று குடாக்களைக் குறித்துக்கொண்டு போனாள். போனதிலிருந்துதான் நான் முதலில் சொன்ன இடம் வலம் சண்டை. வாரக்கடைசியில் வேலை இல்லாத நேரம் அவள் ஒவ்வொரு குடாவாகப் போய்ப் போனில் வீடியோ காட்டுவாள். முதலாவது குடாவில் கல்பெட்டிகள் இருந்தன, படி இல்லை. இவர் அன்று முழுக்கப் புல்லே இல்லாத இடத்திலும் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு திரிந்தார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். இரண்டிலும் இல்லையென்றால் என்று கேட்டார். நான் மெஷினைப் பிடுங்கி நிறுத்தினேன்.

இரண்டாவது குடாவிலிருந்து அவள் கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை காலை. எங்களுக்குக் காலைத் தேத்தண்ணி, அவளுக்குப் பின்னேர வெயில். போனைத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். அவள் நடந்தாள். மூச்சுத்தான் கேட்டது. குன்று வந்தது, தூண்கள் வந்தன. பிறகு அவள் போனைக் கீழே சரித்தாள். பாறையில் வெட்டிய படிகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிப்போயின.

இடமா வலமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வயிறு கல்லாக இறுகியது. கிரீசில் ஒரு கரையிலும் வாய் திறக்காத வயிறு.

"மதில்" என்றேன். "மதிலுக்கு நேரை போ. நான் அதிலைதான் படுத்திருந்தனான்."

போனாள். கல்பெட்டிகளின் வரிசை. மூன்று நாலு பெட்டிகளில் ஓட்டைகள், வெறும் இருட்டு. அடுத்ததில் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்த இடம் முழுக்கக் கல். கீழே தட்டையான கற்கள், மேலே உருண்டைக் கற்கள், இடுக்குகளில் சின்னச் சின்னச் சல்லி. ஒன்றுகூட விழவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "இது நீங்களோ?"

இவர் திரையைத் தொட்டார். தொட்டதும் படம் ஒருதரம் மறைந்து திரும்ப வந்தது. "ஓம். என்ரை அடுக்குத்தான்."

நாங்கள் மூன்று பேரும் அழுதோம். வெட்கம் என்ன இதில். அவள் அங்கே கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள், கண்டிராத அண்ணனுக்காக.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் மற்றதைச் சொன்னாள். இந்த வரிசையை அடுத்த கோடையில் திறந்து துப்பரவாக்கப் போகிறார்கள். உள்ளே இருக்கிற எலும்புகளைப் பெட்டியில் போட்டு இலக்கம் எழுதி மியூசியத்தின் களஞ்சியத்தில் வைப்பார்கள். அவள் இன்னும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னால் பொலிஸ் வரும், விசாரணை வரும், பிள்ளையை எடுத்துப் பக்கத்து ஊர்ச் சவக்காலையில் வைக்கவும் கூடும். சொல்லாவிட்டால் அவன் அந்தக் கல்லறைக்காரரின் பிள்ளையாகப் பெட்டிக்குள் போய்விடுவான்.

"நான் என்ன செய்ய? பொறுப்பாய் இருக்கிற லேடி நல்லவ. நீங்கள் சொல்லுங்கோ."

முப்பது வருசம் ஓடி ஓடித் தேடிய மனுசன் எழும்பி ஜன்னலுக்குப் போனார். "விடு பிள்ளை. அவன் இருக்கிற இடத்திலை இருக்கட்டும். பொலிசும் தாளும் வேண்டாம். கண்டது காணும், போதும்."

"காணாது" என்றேன். இவர் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் காணாது. ஆற்றையோ பிள்ளையெண்டு என்ரை பிள்ளை பெட்டிக்குள்ளை போகக்கூடாது. பொலிஸ் வந்தால் வரட்டும். எடுத்து வைக்கிறதெண்டால் வைக்கட்டும். நான் வந்து பக்கத்திலை நிப்பன். நீ சொல்லு பிள்ளை. அம்மா ஆர், அப்பா ஆர் எண்டு சொல்லு. நாங்கள் ரொறன்ரோவிலை இருக்கிறம், உயிரோடை இருக்கிறம் எண்டு சொல்லு."

இவர் ஜன்னலை விட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஓகே அம்மா. சொல்லுறன்" என்றாள் மகள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவை பேர் கேப்பினம். என்ன எண்டு சொல்ல?"

எங்களில் பிள்ளை பிறந்த துடக்கை முப்பத்தோராம் நாள் கழித்தபிறகுதான் பெயர். தகப்பனோ மாமனோ பிள்ளையின் காதுக்குள் மூன்றுதரம் சொல்லுவார்கள். ஒரு பகல் மட்டும் இருந்தவனுக்கு ஏது பெயர்? அப்படியொன்று இல்லையென்று சொல்லு என்று நான் வாயெடுக்க, இவர் ஒரு பெயரைச் சொன்னார்.

யோசிக்கவில்லை. தினமும் சொல்லிப் பழகிய பெயர் மாதிரிச் சொன்னார். மகளுக்கு விளங்கவில்லை, திரும்பக் கேட்டாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அவள் எழுதிக்கொண்டாள்.

"எப்ப வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"அண்டைக்குத்தான். கல்லை அடுக்க முன்னம். காதுக்குள்ளை மூண்டுதரம் சொன்னனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் கூப்பிடத் தொடங்கியிருப்பீர்" என்றார். "அவன் வரமாட்டானே."

நான் மகளிடம், போனை அந்த அடைத்த கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். திரை இருண்டது. நான் கூப்பிட்டேன்.